தாம்பாளத்தின் பின்பக்கம்

1800களின் தொடக்கத்தில் லிவர்பூல் நகரில், மெர்சி ஆற்றங்கரையில் இருந்த ஹெர்குலேனியம் என்கிற பீங்கான் ஆலை ஒரு தட்டு வரிசையைச் சந்தைக்கு அனுப்பியது. வெள்ளைத் தட்டு, நீலப் படம். வெவ்வேறு பாத்திரங்களில் வெவ்வேறு இந்தியக் காட்சிகள். அதில் ஒரு பெரிய தாம்பாளத்தின் பெயர் ‘மதுரைக் கோட்டைக்குள் ஒரு காட்சி’. ஞாயிற்றுக்கிழமை மதியம் வறுத்த மாட்டிறைச்சியை வைத்து, குடும்பத் தலைவர் கத்தியால் அரிந்து எல்லாருக்கும் பரிமாறுவதற்கான தட்டு. கறி தீரத் தீர அடியிலிருந்து மதுரை எழுந்து வரும்.

நான் திருமங்கலத்துக்காரன். மென்பொருள் வேலைக்காக இரண்டு வருஷம் மான்செஸ்டரில் இருந்தபோது இந்தப் பழைய ஆங்கிலேயத் தட்டுகள் மேல் எனக்குக் கிறுக்குப் பிடித்தது. மதுரைத் தாம்பாளத்தை ஓர் ஏலக் கூடத்தின் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். விலை என் கைக்கு எட்டாது. என்னிடம் இருப்பவை மூன்று சாதாரணத் தாம்பாளங்கள். ஆங்கிலத்தில் இவற்றை இறைச்சித் தட்டு என்பார்கள். நம் வீட்டில் வெற்றிலை பாக்கும் பழமும் வைத்து நீட்டும் பித்தளைத் தாம்பாளத்தின் அளவும் கனமும் இருப்பதால் எனக்கு இது தாம்பாளம்தான். நீள்வட்டமானது. பத்து அங்குலத்தில் தொடங்கி இருபது அங்குலத்துக்கு மேல் வரை ஒன்றுக்குள் ஒன்று அடங்கும்படி வரிசையாகச் செய்தார்கள். சிலவற்றில் நடுவே மரக்கிளை போலப் பள்ளங்கள் ஓடி, ஓரத்தில் ஒரு குழியில் போய்ச் சேரும். இறைச்சியின் சாறு வடிவதற்கான ஏற்பாடு.

மதுரை எப்படி இந்தத் தட்டுக்குள் போனது என்று தேடப் போய்த்தான் மற்ற எல்லாவற்றையும் படித்தேன்.

*

கதை சீனாவில் தொடங்குகிறது. 18ஆம் நூற்றாண்டில் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் கான்டனிலிருந்து தேயிலை ஏற்றி வந்தன. தேயிலை எடை குறைந்த சரக்கு, ஈரம் பட்டால் போச்சு. அதனால் கப்பலின் அடித்தளத்தில் பீங்கான் பெட்டிகளை அடுக்கி அதன்மேல் தேயிலையை வைத்தார்கள். கப்பலுக்கு அடிப்பாரமும் ஆயிற்று, தண்ணீர் பட்டாலும் பீங்கானுக்கு ஒன்றும் ஆகாது. இப்படித்தான் சீனத்து நீல வெள்ளைப் பாத்திரங்கள் லட்சக்கணக்கில் இங்கிலாந்து வீடுகளுக்குள் வந்தன.

1784இல் பிரிட்டன் தேயிலை வரியை 119 சதவீதத்திலிருந்து 12.5 சதவீதமாகக் குறைத்தது. டீ குடிப்பது நடுத்தர வர்க்கத்தின் அன்றாடமாக மாறியது. 1791இல் கம்பெனி சீனப் பீங்கானை மொத்தமாக இறக்குமதி செய்வதை நிறுத்தியது. ஆசை வளர்ந்துவிட்டது, சரக்கு வரவில்லை. இந்த இடைவெளிக்குள்தான் ஸ்டாஃபோர்ட்ஷைர் குயவர்கள் நுழைந்தார்கள்.

டன்ஸ்டல், பர்ஸ்லம், ஹான்லி, ஸ்டோக், ஃபென்டன், லாங்டன் என்று ஆறு ஊர்கள். 1910இல் இவை ஒன்றாகச் சேர்ந்து இன்றைய ஸ்டோக்-ஆன்-டிரென்ட் ஆயின. அங்கே நிலக்கரி காலடியிலேயே கிடைத்தது. ஒரு சூளையைச் சுட மண்ணைவிடப் பல மடங்கு எடை கரி வேண்டும். ஆகவே கரி இருக்கும் இடத்துக்கு மண்ணைக் கொண்டு வருவதுதான் கட்டுப்படியாகும். வெள்ளைக் களிமண் டெவனிலிருந்தும் கார்ன்வாலிலிருந்தும் கடல் வழியே வந்தது. 1777இல் டிரென்ட்-மெர்சி கால்வாய் முழுதாகத் திறக்கப்பட்டதும் அதே மண் படகில் ஆலை வாசல்வரை வந்து, தட்டாக மாறி, உடையாமல் லிவர்பூல் துறைமுகத்துக்குப் போனது. அந்தக் கால்வாய்க்காக முன்னின்று உழைத்தவர்களில் முக்கியமானவர் குயவர் ஜோசையா வெட்ஜ்வுட். மேடுபள்ளமான மண் சாலையில் குதிரை முதுகில் பீங்கான் போனால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாதா!

இந்தத் தட்டுகளைச் சீனப் பீங்கானோடு சேர்த்து வைத்தால் வித்தியாசம் தெரியும். சீனத்துப் பொருள் உயர்ந்த வெப்பத்தில் சுட்டது, வெளிச்சத்தில் பிடித்தால் ஒளி ஊடுருவும். ஆங்கிலத் தட்டு அடிப்படையில் சுட்ட மண், ஒளி புகாது. நிறமும் கொஞ்சம் மஞ்சளடிக்கும். அதை மறைக்க 1770களின் இறுதியில் குயவர்கள் மெருகுக் கலவையில் துளி கோபால்ட் சேர்த்தார்கள். நம் வீட்டில் வெள்ளை வேட்டிக்குச் சொட்டு நீலம் போடும் அதே தந்திரம்தான். இன்றும் அந்தக் காலத் தட்டைத் திருப்பி, அடிவளையத்தின் மூலையில் மெருகு தேங்கிய இடத்தைப் பார்த்தால் மெல்லிய நீலம் தெரியும்.

*

படத்துக்கு வருவோம். சீனத்தில் ஒவ்வொரு தட்டையும் ஒருவர் தூரிகையால் வரைந்தார். ஸ்டாஃபோர்ட்ஷைரில் அச்சடித்தார்கள். 1784 வாக்கில் ஜோசையா ஸ்போட் இந்த முறையை அங்கே செம்மைப்படுத்தினார் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட வரலாறு.

செப்புத் தகட்டில் படத்தைக் குழித்துச் செதுக்குவார்கள். தகட்டைச் சூடாக்கி, எண்ணெயில் குழைத்த கோபால்ட் மையைத் தேய்த்து, மேல்மையை வழித்தெடுத்தால் குழிகளில் மட்டும் மை நிற்கும். சோப்புக் கரைசல் பூசிய மெல்லிய காகிதத்தை அதன்மேல் வைத்து அழுத்தினால் படம் காகிதத்துக்கு வரும். ஒரு சிறுமி அதைக் கத்தரித்துக் கொடுப்பாள். ஒரு பெண் அதை ஒருமுறை சுட்ட, மெருகு பூசாத தட்டில் ஒட்டி, முரட்டுத் தூரிகையால் அழுத்தித் தேய்ப்பாள். தண்ணீரில் முக்கினால் காகிதம் கழன்றுவிடும், மை தட்டில் தங்கிவிடும். எண்ணெய் எரிந்து போக மறுபடி ஒரு சூடு. பிறகு ஈயம் கலந்த மெருகில் முக்கி இன்னொரு சூடு. படம் கண்ணாடிப் படலத்துக்கு அடியில் போய்விடும், எவ்வளவு கழுவினாலும் அழியாது. ஏன் எல்லாமே நீலம் என்றால், அந்த வெப்பத்தைத் தாங்கி நிறம் மாறாமல் நின்ற, நம்பிக்கையான நிறமி அன்றைக்குக் கோபால்ட் ஒன்றுதான். அழகுக்காகத் தேர்ந்தெடுத்தது என்று நாம் நினைக்கும் பல விஷயங்களுக்கு இப்படி ஒரு பொறியியல் காரணம் இருக்கும்.

ஒரு தகட்டைச் செதுக்கப் பல வாரங்கள் ஆகும். செதுக்கியபின் ஆயிரக்கணக்கான பிரதிகள். என் தொழிலில் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு உடனே புரியும். ஒருமுறை எழுதுவதற்குத்தான் செலவு, பிரதிக்கு அனேகமாகச் செலவே இல்லை. அப்படியானால் அடுத்த கேள்வி, எழுதுவதற்கே எங்கேயிருந்து எடுப்பது?

புத்தகத்திலிருந்து எடுத்தார்கள். தாமஸ் டேனியல், அவருடைய அண்ணன் மகன் வில்லியம் டேனியல் என்ற இரண்டு ஓவியர்கள் 1792இல் தென்னிந்தியா வந்தார்கள். திப்பு சுல்தானோடு நடந்த மூன்றாம் மைசூர்ப் போர் அப்போதுதான் முடிந்திருந்தது. கம்பெனிப் படை நடந்த பாதையில் இவர்களும் போக முடிந்தது. மதுரையில் திருமலை நாயக்கர் மகால் பாழடைந்து கிடந்த நிலையில் அதை வரைந்தார்கள். (அரண்மனையை ஆளுநர் நேப்பியர் செப்பனிட்டது 1866க்குப் பிறகு.) ஊர் திரும்பி 1795 முதல் 1808 வரை 144 வண்ண அச்சோவியங்களாக வெளியிட்டார்கள். பணக்காரர்கள் மட்டும் வாங்கக்கூடிய விலை. குயவர்கள் அந்தப் படங்களைச் செப்பில் பிரதியெடுத்துத் தட்டில் ஏற்றினார்கள். புத்தகம் வாங்க முடியாத கடைக்காரர் வீட்டுக்கும் இந்தியா இப்படித்தான் போய்ச் சேர்ந்தது.

ஸ்போட் ஆலை இன்னும் ஒரு படி போனது. வங்காளப் படையில் இருந்த கேப்டன் தாமஸ் வில்லியம்சன் வேட்டையைப் பற்றி எழுதி, சாமுவேல் ஹோவிட்டின் ஓவியங்களோடு 1807இல் முழுமை பெற்ற நூலில் 40 வண்ணப் படங்கள் இருந்தன. அவற்றிலிருந்து ஒரு முழு விருந்துத் தட்டு வரிசையையே ஸ்போட் செய்தது. சாப்பாட்டுத் தட்டில் கரடி சாகும் காட்சி. மற்றவற்றில் கரும்புத் தோட்டத்திலிருந்து கரடியை விரட்டுவது, மரத்திலிருக்கும் சிறுத்தையைச் சுடுவது என்று வெவ்வேறு வேட்டை. அந்தப் படங்களில் யானைமேல் வெள்ளைக்காரர் இருப்பார். தரையில் ஈட்டியோடு, கம்போடு, நாயைப் பிடித்தபடி நிறைய இந்தியர்கள். யாருக்கும் பெயர் கிடையாது. வில்லியம்சனின் குறிப்பிலிருந்து ஹோவிட், ஹோவிட்டிலிருந்து அச்சுச் செதுக்குநர், அவரிடமிருந்து ஸ்போட்டின் செதுக்குநர் என்று ஒவ்வொரு கைமாற்றத்திலும் கொஞ்சம் தேய்ந்து, வாட்ஸாப்பில் பத்துத் தடவை ஃபார்வர்ட் ஆன புகைப்படம் மாதிரி வந்து சேர்ந்த முகங்கள்.

இல்லாத ஊரையும் அச்சடித்தார்கள். உலகம் முழுக்கத் தெரிந்த ‘வில்லோ’ வடிவம், அதாவது சாய்ந்த மரம், பாலத்தில் மூன்று பேர், மேலே இரண்டு பறவைகள், 1790 வாக்கில் இங்கிலாந்தில் உருவானது. சீனப் பாத்திரங்களைப் பார்த்துச் சேர்த்துக் கட்டிய ஒரு கற்பனைச் சீனா. அந்தக் காதலர்கள் தப்பி ஓடிப் பறவைகளானார்கள் என்ற ‘பழைய சீனக் கதை’ 1849இல் ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் வந்தது. தட்டு முதலில், கதை அரை நூற்றாண்டு கழித்து. என்னுடைய மூன்றில் ஒன்று வில்லோ. வீட்டுக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் “சைனாவா?” என்றுதான் கேட்கிறார்கள்.

*

லாங்டனில் கிளாட்ஸ்டன் என்ற பழைய பீங்கான் ஆலை இப்போது அருங்காட்சியகம். புட்டி வடிவச் சூளைகள் அங்கே அப்படியே நிற்கின்றன. ஒரு காலத்தில் அந்த ஊர்களில் அவை ஆயிரக்கணக்கில் இருந்தன, இன்று மிஞ்சியவை ஐம்பதுக்கும் குறைவு. ஒரு சூளைக்குள்ளே நுழைந்து நின்று மேலே பார்த்தால் வட்டமான வானம் தெரியும். அங்கேதான் முதன்முதலாக, இந்தத் தட்டை யார் செய்தார்கள் என்ற கேள்வி எனக்கு உறைத்தது.

1841இல் சாமுவேல் ஸ்கிரிவன் என்ற அதிகாரி, குழந்தைத் தொழிலாளர் பற்றிய அரசு ஆணையத்துக்காக இந்த ஆலைகளுக்குள் போய்க் குழந்தைகளையே உட்காரவைத்துக் கேட்டுப் பதிவு செய்தார். அதில் அச்சுத் தூக்கும் பையன்கள் வருகிறார்கள். தட்டு செய்பவர் ஈரக் களிமண்ணை ஒரு பிளாஸ்டர் அச்சின்மேல் அழுத்திக் கொடுப்பார். பையன் அந்த அச்சைத் தூக்கிக்கொண்டு அடுப்பு எரியும் உலர்த்தும் அறைக்குள் ஓடி, அலமாரியில் வைத்து, காய்ந்ததை எடுத்துக்கொண்டு திரும்பி ஓடிவர வேண்டும். நாள் முழுக்க இதே. வெளியே பனிக்காலம், உள்ளே நூறு டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டிய சூடு. ஏழு, எட்டு வயசுப் பையன்கள்.

அப்படி ஓடிய ஒரு பையன் பின்னாளில் எழுதினார். டன்ஸ்டலில் 1832இல் பிறந்த சார்லஸ் ஷா. ஏழு வயதில் வேலைக்குப் போனார், வாரக் கூலி ஒரு ஷில்லிங். 1842இல் அவர் குடும்பம் ஏழைகள் விடுதிக்குள் தள்ளப்பட்டது. தொழிலாளர்கள் திங்கள், செவ்வாயில் குடித்துவிட்டுச் சும்மா இருந்து, மிச்ச நாட்களில் கூலியைப் பிடிக்க வெறித்தனமாக உழைத்ததையும், அந்த வேகத்துக்குப் பையன்கள் விடியற்காலையிலிருந்து இரவுவரை ஓட வேண்டியிருந்ததையும் அவர் சொல்கிறார். அவருடைய நினைவுக்குறிப்புகள் 1903இல் நூலாக வந்தன. அதே மண்ணின் நாவலாசிரியர் ஆர்னால்ட் பென்னட் தன் நாவலுக்கு அதிலிருந்து எடுத்துக்கொண்டார்.

ஸ்கிரிவன் கேட்டது 1841இல். பீங்கான் ஆலைகள் தொழிற்சாலைச் சட்டத்துக்குள் வந்தது 1864இல். நடுவில் 23 வருஷம். சேகரிப்பாளர்கள் தட்டைப் பார்த்து “1840கள், நல்ல அச்சு” என்று சொல்லும்போது நான் இந்த 23ஐயும் நினைத்துக்கொள்வேன்.

மெருகில் முக்குபவர்களின் கையெல்லாம் ஈயம். ஈயம் உடம்பில் சேர்ந்து வயிற்று வலி, மணிக்கட்டு தொங்கிப்போவது, கருக்கலைவு. களிமண்ணை வெள்ளையாக்கச் சேர்த்த சிக்கிமுக்கிக் கல்லின் தூள் நுரையீரலில் படிந்து வந்த நோய்க்கு ஊர்ப் பெயரே ‘குயவர் நோய்’. கல்லைத் தண்ணீரில் வைத்து அரைத்தால் தூசி பறக்காது என்று 1726லேயே தாமஸ் பென்சன் காப்புரிமை வாங்கினார். ஆனால் அரைத்த பிறகும் அந்தத் தூள் களிமண்ணோடு காய்ந்து எல்லா அறைகளிலும் பறந்துகொண்டுதான் இருந்தது. ஈயத்தை அப்படியே மெருகில் சேர்ப்பது பிரிட்டனில் தடைசெய்யப்பட்டது 1940களின் இறுதியில்தான். அப்போது இந்தியாவுக்குச் சுதந்திரமே கிடைத்துவிட்டது.

*

இவ்வளவு பெரிய தாம்பாளங்கள் 200 வருஷம் உடையாமல் எப்படிப் பிழைத்தன? காரணம் எளிது. அவற்றுக்கு வேலை போய்விட்டது.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கம்வரை ஆங்கிலேயர் விருந்தில் எல்லாப் பதார்த்தமும் ஒரே நேரத்தில் மேசையில் பரப்பப்படும். நடுநாயகம் இந்தத் தாம்பாளம். நூற்றாண்டின் நடுவில் ரஷ்யப் பாணி வந்தது. ஒவ்வொரு பதார்த்தமாக, ஓரத்து மேசையில் வெட்டி, ஆளாளுக்குத் தட்டில் வைத்துக் கொண்டுவரும் முறை. தாம்பாளம் மேசையிலிருந்து இறங்கி அலமாரியில் ஏறியது. தினமும் புழங்கிய சின்னத் தட்டுகள் உடைந்து போயின. வருஷத்துக்கு ஒருமுறை இறங்கிய பெரியவை மிஞ்சின.

பிறகு பித்து வந்தது. 1870களில் நீல வெள்ளைப் பீங்கானைச் சேகரிப்பது லண்டனில் பெரும் மோகம். ஓவியர்கள் விஸ்லரும் ரோசெட்டியும் சீனத் தட்டுகளுக்குப் போட்டி போட்டார்கள். பஞ்ச் பத்திரிகை கேலிச்சித்திரம் போட்டது. லேடி சார்லட் ஷ்ரைபர் ஐரோப்பா முழுக்கக் கடை கடையாக அலைந்து சேர்த்த ஆங்கிலப் பீங்கான்களை, கணவர் நினைவாக 1884இல் இன்றைய விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். சாப்பிடும் தட்டு சுவரில் ஏறியது இப்படித்தான். நீல அச்சுத் தட்டுகளுக்கென்றே ‘ஃபிரெண்ட்ஸ் ஆஃப் ப்ளூ’ என்ற சங்கம் 1973இல் தொடங்கியது. இன்று அந்த மோகம் தணிந்துவிட்டது. சின்ன வீடுகளில் இடமில்லை, பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போட முடியாது. என் வில்லோ தாம்பாளத்தை ஒரு தர்மக் கடையில் இருபது பவுண்டுக்கு வாங்கினேன்.

வாங்க நினைப்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான், முதலில் திருப்பிப் பாருங்கள். சூளைக்குள் தட்டுகள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க முட்டுக் கொடுத்த இடத்தில் சின்னப் புள்ளித் தழும்புகள் இருக்கும். சாய்சதுர முத்திரை இருந்தால் 1842க்கும் 1883க்கும் இடையே பதிவான வடிவம். ‘இங்கிலாந்து’ என்று அச்சிட்டிருந்தால் பெரும்பாலும் 1891க்குப் பிந்தியது. அமெரிக்கச் சுங்கச் சட்டம் எந்த நாட்டுப் பொருள் என்று குறிக்கச் சொன்னதன் விளைவு அது. பிறகு முன்பக்கம், ஓரக் கரையை மெதுவாகச் சுற்றி வாருங்கள். எங்கேயாவது ஓரிடத்தில் பூவேலை பொருந்தாமல் முட்டி நிற்கும். நேரான காகிதப் பட்டையை வளைந்த ஓரத்தில் ஒட்டியவர் கடைசியில் அரை அங்குலம் மிஞ்சியதை எப்படியோ சமாளித்த இடம். எந்திர ஒட்டுப்படத்தில் இது வராது.

இன்னொன்று. இவற்றில் சாப்பிடாதீர்கள். மெருகில் ஈயம், மேலே முடிவெடிப்புகள். புளி, எலுமிச்சை, தயிர் என்று நம் சமையலில் பாதி புளிப்பு. புளிப்பு ஈயத்தை இழுக்கும்.

அம்மாவிடம் இதைச் சொன்னபோது, “சாப்பிடக் கூடாத தட்ட வேட்டில சுத்தி ஏழு கடல் தாண்டி எதுக்குடா தூக்கிட்டு வந்த?” என்றாள். பதில் சொல்ல எனக்குச் சில மாதம் ஆனது. சுவரில் மாட்டும் கம்பி ஸ்பிரிங் ஓரத்தைச் சில்லு பெயர்த்துவிடும் என்பதால் மரப்பட்டை பதித்த அலமாரியில் சாய்த்து வைத்திருக்கிறேன். மூன்றில் ஒன்றை முதுகு தெரியும்படி திருப்பி வைத்தேன். அம்மா அதைப் பார்த்துவிட்டு, துடைக்கிற சாக்கில் ஒருநாள் நேராக்கிவிட்டாள். காரணத்தைச் சொன்னேன். அச்சுத் தூக்கிய பையன்கள், கத்தரித்த சிறுமி, ஒட்டிய பெண். அவள் சிவகாசிப் பக்கம் பிறந்தவள், சின்ன வயசில் தீப்பெட்டி ஒட்டியவள். ஒன்றும் சொல்லாமல் கேட்டாள். “வாரத்துக்கு ஒரு ஷில்லிங்னா நம்ம காசுக்கு எவ்ளோ?” என்று மட்டும் கேட்டாள்.

எனக்கு இந்த வரலாற்றில் தீர்ப்பு சொல்ல ஆசையில்லை. மதுரையைத் தட்டில் ஏற்றியவன் மதுரையைப் பார்த்ததில்லை. தாளைக் கத்தரித்த சிறுமிக்கு அது எந்த ஊர் என்று தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு. பேரரசு அவளுக்கும் பெரிதாக ஒன்றும் கொடுக்கவில்லை. அந்தத் தாம்பாளத்தில் இரண்டு பெயரற்ற கூட்டங்கள் ஒன்றையொன்று அறியாமல் சந்தித்திருக்கின்றன. முன்பக்கம் படமாக நாம், அதன் அடியில் ரேகையாக அவர்கள். அழகாக இருக்கிறது என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை. யார் அழகாக்கினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

பர்ஸ்லம் அருகே மிடில்போர்ட்டில் 1889இல் கட்டிய பர்லே ஆலையில் இன்றும் காகிதத்தில் அச்செடுத்துக் கையால் ஒட்டுகிறார்கள். ஸ்டோக்கின் பெரிய பெயர்கள் பல மூடிவிட்டன, ஸ்போட்டின் பழைய ஆலை 2008இல் போனது. மிடில்போர்ட்டில் ஓர் அம்மா கரைப்பட்டையை ஒட்டிக்கொண்டிருந்ததை நின்று பார்த்தேன். கடைசியில் பட்டை கொஞ்சம் மிஞ்சியது. கத்தரியால் சீவி, இலை இலையோடு சேர்வதுபோல் அழுத்தி, விரலால் ஒருமுறை தடவினார். இணைப்பு எங்கே என்று எனக்குத் தெரிந்திருந்தும் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. “தெரியுதா?” என்று கேட்டார். தெரிகிறது என்றேன். “தெரியணும்” என்று சொல்லிவிட்டு அடுத்த தட்டை எடுத்தார்.